வெளிநாட்டுக் கிராமத்தில் தங்கித் திரைக்கதை பயில்வது: பணத்துக்குத் தகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முழுநீளப் படத்துக்கான திரைக்கதை ஒன்றைத் தமிழில் எழுதி, இரண்டு முறை திருத்தியும் வைத்திருக்கிறீர்கள். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீட்டில் திங்கள் முதல் சனி வரை தங்கிப் பயிலும் திரைக்கதை வகுப்பில் பணம் கட்டிச் சேர நினைக்கிறீர்கள். விமானக் கட்டணம், விசா, வகுப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும்; அது தகுமா, தகுமென்றால் எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தகும் என்பதே என் பதில். ஆனால், எழுதுவதற்கு அமைதியான இடம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் போவதாக இருந்தால் வேண்டாம். நீங்கள் எழுதியதை, உங்களையும் உங்கள் ஊரையும் அறியாதவர்கள் தாளில் மட்டும் படித்து, எங்கே புரிந்தது, எங்கே விட்டுப்போனது என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அந்த ஒன்றுக்காகத்தான் அவ்வளவு தொலைவு போக வேண்டும். அதற்குக் கையில் முடிந்த பிரதி இருக்க வேண்டும், உங்களிடம் இருக்கிறது.

‘தங்கி எழுதுவது’ என்ற பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று ஏற்பாடுகள் உலகில் நடக்கின்றன. முதல் வகை, தேர்ந்தெடுத்து அழைக்கும் பட்டறை. ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1981-இல் நிறுவிய சன்டான்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் யூட்டா மலைப்பகுதியில் வளர்த்தெடுத்த பட்டறை இதற்கு முன்மாதிரி. பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் இயங்கும் லெ குரூப் உவெஸ்ட், இத்தாலியில் 2008 முதல் நடக்கும் டோரினோ ஃபிலிம் லேப், நம் நாட்டில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் பட்டறை ஆகியவையும் இந்த வகைதான். இவற்றில் திரைக்கதையைப் படித்துப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்வார்கள். தயாரிப்பாளர்களோடும் விழாக்களோடும் தொடர்பு கிடைக்கும். இரண்டாவது வகையில் பாடமே கிடையாது, அறையும் மேசையும் உணவும் தந்து எழுதவிட்டுவிடுவார்கள். பிரான்ஸில் நார்மண்டியின் செய்ன் ஆற்றங்கரையில் உள்ள மூலேன் தாந்தே என்ற பழைய நீராலையில் திரைக்கதையாளர்களுக்கு அப்படி இடம் தருகிறார்கள். மூன்றாவது வகை, யார் வேண்டுமானாலும் பணம் கட்டிச் சேரக்கூடிய, தங்கிப் பயிலும் வகுப்பு. நீங்கள் கேட்டிருப்பது இதைப் பற்றி.

இந்த மூன்றாவது வகையில் பிரிட்டனில் பெயர்பெற்றது ஆர்வன் என்ற அறக்கட்டளை. ஜான் ஃபேர்ஃபாக்ஸ், ஜான் மோட் என்ற இரு கவிஞர்கள் பள்ளிக்கூட முறையில் எழுத்தைக் கற்றுத்தருவதில் நிறைவில்லாமல் 1968-இல் டெவன் மாவட்டத்தில் தொடங்கியது அது. கவிதைக்காகப் பிறந்த அமைப்பாக இருந்தாலும் நாவல், நாடகம், திரைக்கதை என்று பிற்பாடு விரிந்தது. மேற்கு யார்க்‌ஷரில் உள்ள லம் பேங்க் என்ற அவர்களுடைய வீட்டில் ஒரு வாரம் தங்கித் திரைக்கதை பயின்ற அனுபவம் எனக்கு உண்டு. இந்தப் பதிலை அதிலிருந்தே எழுதுகிறேன்.

லம் பேங்க் பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஆலை முதலாளி கட்டிய கல்வீடு. கவிஞர் டெட் ஹியூஸ் அதை வாங்கி வைத்திருந்தார். 1975 முதல் அங்கே வகுப்புகள் நடக்கின்றன. வீட்டுக்குக் கீழே மரங்கள் அடர்ந்த செங்குத்தான பள்ளத்தாக்கு. நீராலைகள் இயங்கிய காலத்துப் புகைபோக்கிகள் அந்த மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கின்றன. மேலே ஏறினால் ஹெப்டன்ஸ்டால் என்ற சிற்றூர். அதன் இடுகாட்டில் அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் புதைக்கப்பட்டிருப்பதால் இலக்கிய வாசகர்கள் வந்து போகிறார்கள். நான் அங்கே இரண்டு முறை நடந்தேன், இரண்டு முறையும் மழை. வீட்டில் கைப்பேசி சிக்னல் கிடைப்பது அரிது. ஊரும் மழையும் சிக்னல் இல்லாததும் சேர்ந்து செய்யும் நன்மை ஒன்று உண்டு: மூன்றாம் நாளுக்குள் உங்கள் கதையில் வரும் மனிதர்களைத் தவிர வேறு யாரைப் பற்றியும் பேச உங்களுக்கு ஒன்றும் இருக்காது.

வாரம் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். திங்கள் பிற்பகல் வந்து சேர வேண்டும். அதிகம் போனால் பதினாறு பேர் இருப்பார்கள். இரண்டு ஆசிரியர்கள், இருவரும் தொழிலில் இருக்கும் எழுத்தாளர்கள். காலையில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வகுப்பு. பிற்பகல் தனியாக எழுதுவதற்கும், முறைவைத்து ஆசிரியரைத் தனியே சந்திப்பதற்கும். வாரத்தின் நடுவில் ஒரு மாலை விருந்தினராக வேறொரு எழுத்தாளர் வந்து பேசுவார். வெள்ளி இரவு எல்லோரும் தங்கள் எழுத்தைப் படிப்பார்கள். சனிக்கிழமை காலை பெட்டியோடு கிளம்பிவிட வேண்டும். கணக்குப் பார்த்தால் எழுதக் கிடைப்பது செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு பிற்பகல்கள். அதில் ஒன்று, இரவுச் சமையல் உங்கள் முறையாக வரும் நாளில், அடுப்படிக்குப் போய்விடும். மூன்று பிற்பகல்களில் யாராலும் திரைக்கதை எழுத முடியாது. வெறுங்கையோடு போய் அங்கே தொடங்கலாம் என்று நினைத்து வந்தவர்கள் எங்கள் வாரத்தில் இருவர் இருந்தார்கள். இருவரும் முதல் பத்துப் பக்கத்தை வைத்துக்கொண்டு வெள்ளிவரை தவித்ததைப் பார்த்தேன்.

அந்தக் காலை வகுப்புகள் நம் ஊரிலிருந்து போகிறவருக்கு ஏன் தேவைப்படுகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் திரையுலகில் கதையை வாயால் சொல்கிறோம். தயாரிப்பாளர் அலுவலகத்திலோ, நடிகரின் வீட்டிலோ, இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ, இடைவேளைக்கு முன் வரும் திருப்பமான இன்டர்வெல் பிளாக் வரும் இடத்தில் குரலை ஏற்றி, பின்னணி இசையைக்கூட வாயாலேயே போட்டு, எதிரில் இருப்பவர் முகம் சோர்ந்தால் அந்த சீனைச் சுருக்கி, கண் விரிந்தால் நீட்டி, கதை சொல்லி ஒப்புதல் வாங்குவது பெரிய கலை. கதையைக் கூடிப் பேசி உருவாக்கும் டிஸ்கஷன் அறையிலும் அப்படித்தான். இயக்குநர் சொல்ல, உதவி இயக்குநர்கள் இடைமறித்துச் சேர்க்க, காட்சிகளின் வரிசையான சீன் ஆர்டர் சுவரில் வளரும். இந்த முறையை நான் குறைத்துச் சொல்லவில்லை, நான் கற்றதே அதில்தான். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. சொல்பவரின் குரலும் கையும் கண்ணும் கதையின் ஓட்டைகளை அடைத்துவிடுகின்றன. கேட்பவரும் நம் ஊர்க்காரர், அவருக்கும் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். ஆகவே தாளில் என்ன இருக்கிறது, எது சொல்பவரின் வாயில் மட்டும் இருக்கிறது என்பது கடைசிவரை பிரிந்து தெரிவதில்லை.

எனக்கு அது பிரிந்து தெரிந்தது ஒரு வாழை இலையில். என் திரைக்கதை அண்ணன் தம்பிக்கு இடையிலான நிலத் தகராறு. பல வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன், தம்பி மகளின் கல்யாணத்துக்கு யாரும் எதிர்பாராமல் வருகிறார். பந்தியில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிடுகிறார். எழும்போது இலையைத் தன் பக்கமாக மூடாமல், துக்க வீட்டில் மூடுவதுபோல் எதிர்ப்பக்கமாக மூடிவிட்டுப் போகிறார். வசனம் எதுவும் இல்லாத சீன் அது. சென்னையில் நான்கு பேருக்குச் சொன்னேன், நான்கு பேரும் கதை முடிவதற்குள்ளேயே கையைத் தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்த சீனை வேறு மூவர் வாய்விட்டுப் படித்தார்கள். எழுதியவர் பேசக் கூடாது என்பது விதி. ‘அவர் இலையை எதிர்ப்பக்கமாக மூடிவிட்டு எழுகிறார்’ என்ற வரியை, ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார் என்பதுபோல் படித்துக் கடந்து போனார்கள். முடிந்ததும், “அண்ணன் சமாதானமாகிவிட்டார், அதுதானே?” என்று ஒருவர் கேட்டார். நான் இலையின் பொருளை விளக்கினேன். மேசையைச் சுற்றி மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்போது ஆசிரியர் கேட்டார்: “இப்போது நீங்கள் விளக்கியது தாளில் எங்கே இருக்கிறது?” எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றேன். “சரி, தெரிந்தவர் ஒருவராவது அந்தப் பந்தியில் இருக்கிறாரா? அவர் முகத்தை நாங்கள் பார்க்கிறோமா?”

இல்லை. அண்ணன் மூடுகிறார், எழுகிறார், சீன் முடிகிறது. அந்தச் செயலைப் பார்த்தவர் என்று என் தாளில் ஒருவரும் இல்லை. அது வெளிநாட்டுக்காரருக்குப் புரியவில்லை என்ற பிரச்சினை மட்டும் அல்ல. பார்க்க ஆளில்லாத அவமானம் திரையில் அவமானமாகவே ஆகாது, தமிழ்நாட்டில் ஓடினாலும் ஆகாது. வாயால் சொன்னபோது அந்தப் பார்வையாளராக இருந்தது என் முகம்தான்.

புதன்கிழமை இரவுச் சமையல் எங்கள் நால்வரின் முறை. சமையல் என்றதும் அஞ்ச வேண்டாம். பொருள்களும் செய்முறைத் தாளும் தயாராக வைத்திருப்பார்கள், அளவு பார்த்துச் செய்தால் போதும். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர், முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார், “சாப்பிட்ட இலைகளை அப்புறம் யார் எடுப்பார்கள்?” என்று சும்மா கேட்டார். எடுப்பதற்கென்று ஆள் இருக்கும், வரிசையாகச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டே போவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்கு அந்த சீனின் முடிவு கிடைத்துவிட்டது. அண்ணன் போய்விட்டார். இலை எடுக்கும் பெண் ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டு வருகிறாள். அந்த ஓர் இலையின் முன் நிற்கிறாள். தொடாமல் அடுத்த இலைக்குப் போகிறாள். காலியான மேசையில் ஓர் இலை மட்டும் கிடக்கிறது. கைகழுவி வந்த தம்பி அதைப் பார்க்கிறார். இரண்டே வரி சேர்த்தேன். வெள்ளி இரவு அதைப் படித்தபோது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சமையலறையையும் சாப்பாட்டு மேசையையும் வகுப்புக்குச் சமமாக நான் மதிப்பது இதனால்தான். மாலையில் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதலாம் என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள். எழுதுவதற்கு உங்கள் வீட்டு அறை போதும்.

இனி, தயாராவது பற்றி. முழுத் திரைக்கதையையும் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியதில்லை. தனிச் சந்திப்பு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் படிக்க முடிவது சில பக்கங்களே. கதையை ஒன்றிரண்டு வாக்கியத்தில் சொல்லும் ஒன்லைன், ஒரு பக்கச் சுருக்கம், நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்திலிருந்து பத்துப் பக்கம், இவ்வளவு ஆங்கிலத்தில் இருந்தால் போதும். தொடக்கத்திலிருந்து பத்துப் பக்கம் எடுக்காதீர்கள். தொடக்கத்தை நாம் எல்லோரும் நூறு முறை திருத்தியிருப்போம். உதவி தேவைப்படுவது நடுவில்.

நம்மில் பலர் இன்னும் தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாக எழுதுகிறோம். அங்கே செல்லுபடியாவது ஒரே வடிவம்: கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவு, காட்சித் தலைப்பு, செயல், நடுவில் பாத்திரத்தின் பெயரும் வசனமும். ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற கணக்கு அந்த வடிவத்தில்தான் நிற்கும். இதற்கான இலவச மென்பொருள்கள் உண்டு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முறைப்பெயர்களை மாற்றாதீர்கள். மச்சான், சித்தப்பா, மதினி என்பவற்றை அப்படியே ஒலிபெயர்த்து, முதல் முறை வரும்போது செயல்வரியில் யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லிவிட்டால் படிப்பவர் பிடித்துக்கொள்வார். ‘மச்சான்’ என்ற சொல்லில் இருக்கும் உரிமையும் கேலியும் ஆங்கில உறவுப்பெயரில் வராது. மாறாக, மதுரைப் பேச்சையோ கொங்குப் பேச்சையோ ஆங்கிலக் கொச்சையாக்க முயல வேண்டாம். எளிய ஆங்கிலத்தில் பொருளை மட்டும் கொடுங்கள். வசனத்தின் சுவையைப் பற்றி அங்கே யாரும் கருத்துச் சொல்ல முடியாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. சீனின் எலும்பைப் பற்றித்தான் அவர்கள் பேச முடியும்.

தனிச் சந்திப்புக்கு ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். ‘கதை எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் பண்பான பாராட்டு கிடைக்கும், அதோடு நேரம் முடிந்துவிடும். ‘நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தம்பி பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான், அதற்கு முந்தைய பத்துப் பக்கம் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறதா’ என்று கேட்டால், ஆசிரியர் பென்சிலை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கிவிடுவார்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது நாளுக்கு மிகாத பொழுதுபோக்கு வகைப் பயிற்சியைப் பார்வையாளர் விசாவிலேயே முடிக்க பிரிட்டன் விதிகள் இடம் தருகின்றன. வகுப்பு நடத்துபவர்களின் உறுதிக் கடிதம், தங்குமிடம், திரும்பும் பயணம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை விண்ணப்பத்தில் தெளிவாகக் காட்டுங்கள். லம் பேங்க் போன்ற இடத்துக்கு மான்செஸ்டரில் இறங்குவதே வசதி: விக்டோரியா நிலையத்திலிருந்து லீட்ஸ் போகும் ரயிலில் ஏறி ஹெப்டன் பிரிட்ஜில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி. இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். நேர வேறுபாட்டுத் தூக்கம் செவ்வாய்க்கிழமை வகுப்பில் கண்ணைச் சொருகவிடக் கூடாது. சைவம் என்றால் பதிவுசெய்யும்போதே எழுதிவிடுங்கள். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிருக்குப் பழகாதவர் மே முதல் செப்டம்பருக்குள் நடக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மழைக்காலணி எந்த மாதத்திலும் வேண்டும். கட்டணச் சலுகை தரும் வழக்கம் இத்தகைய அறக்கட்டளைகளில் உண்டு. வெளிநாட்டவருக்கும் பொருந்துமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

கதை திருட்டுப் போய்விடுமோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நியாயமான அச்சம்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதப்பட்ட வடிவத்தைத்தான் காக்கிறது, கதைக்கருவைக் காப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே முழுப் பிரதியையும் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திலோ பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிவுசெய்துவிட்டுக் கிளம்புங்கள். அதன் பிறகு அங்கே எதையும் மறைக்காதீர்கள். முடிவைச் சொல்லாமல் உதவி கேட்ட ஒருவருக்கு எங்கள் வாரத்தில் யாராலும் உதவ முடியவில்லை.

இந்த வகுப்பு எதைத் தராது என்பதையும் சொல்ல வேண்டும். பணம் கட்டிச் சேரும் வகுப்பால் எந்தத் தயாரிப்பாளரின் கதவும் திறக்காது; சான்றிதழுக்குத் தொழிலில் மதிப்பில்லை. அந்தத் தொடர்புதான் உங்கள் நோக்கம் என்றால், மேலே சொன்ன முதல் வகைப் பட்டறைகளுக்கு விண்ணப்பியுங்கள். செலவும் பெரும்பாலும் குறைவு. கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றாலும் போக வேண்டாம். ஆர்வன் 2020 முதல் இணையவழி வகுப்புகளும் நடத்துகிறது. அடுப்படிப் பேச்சு அதில் கிடைக்காது, ஆனால் அயலார் உங்கள் தாளைப் படிப்பது கிடைக்கும். கடன் இல்லாமல், சேமிப்பு குறையுமே என்ற கவலை மட்டும்தான் என்றால், போய்வாருங்கள்.

திரும்பி வந்த பிறகு ஒரு கவனம் தேவை. ஐந்து நாளில் பதினேழு பேர் சொன்னது குறிப்பேடு நிறைய இருக்கும்; அத்தனையையும் உடனே உள்ளே புகுத்தினால் கதை பதினேழு பேருடையதாகிவிடும். நான் இரண்டு வாரம் அந்தக் குறிப்பேட்டைத் திறக்கவில்லை. திறந்தபோது, குறிப்பைப் பார்க்காமலே நினைவில் நின்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்; ஆறு இருந்தன. திருத்தத்தை ஆங்கிலப் பிரதியில் செய்யாமல், தமிழ்ப் பிரதியை முதல் சீனிலிருந்து கையால் மறுபடி எழுதினேன். இலை சீனில், ஆங்கிலத்தில் வெறுமனே நின்றுபோன அந்தப் பெண், தமிழில் எழுதும்போது கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.